இரண்டு வட்டங்களுக்கு வெளியே

மே 6

நான்காம் வகுப்பு, வாசிப்புப் பாடம். ஒரே பொருளைப் பற்றிய இரண்டு தகவல் பகுதிகளை ஒப்பிட வேண்டும். வேறு கிடைக்காததால் எங்கள் படகுத்துறையைப் பற்றியே இரண்டு எடுத்துக்கொண்டேன். ஒன்று, மாவட்ட அலுவலகத்தின் ஆற்றுத் திருவிழாத் துண்டறிக்கை: "தெளிந்த, அமைதியான நீர். சிறுவர் நீச்சல் போட்டி உண்டு." மற்றொன்று, வனவிலங்குத் துறை அங்கே அறைந்திருக்கும் பலகை: "நீரில் இறங்காதீர். முதலை."

ஆற்றருகே அதன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் இபான் பழங்குடி வழக்கம். மாவட்ட அலுவலகம் அந்த வழக்கத்தை மதித்திருக்கிறது.

மே 7

ஒன்றையொன்று வெட்டும் இரண்டு வட்டங்கள் வரையச் சொன்னேன். நடுவில், இரண்டிலும் பொதுவாக உள்ளவை.

"ரெண்டுலயும் அரசாங்க முத்திரை இருக்கு டீச்சர்" என்றான் ஒருவன். முழு மதிப்பெண்.

சுலாவ் எழுதவில்லை. இரட்டையரில் மிஞ்சியவள். பிப்ரவரியில் அந்தப் படகுத்துறையில் சட்டி கழுவக் குனிந்த அவள் கூடப்பிறந்தவன் உஞ்சாட் திரும்பவில்லை.

"ரெண்டுமே சொல்லாததை எங்க எழுதறது டீச்சர்?"

ஆசிரியர் கையேட்டில் இதற்கு இடமில்லை. அவளே வட்டங்களுக்கு வெளியே எழுதினாள். ஒரே ஒரு பெயர், அவனுடையது.

மே 8

தலைமையாசிரியர் தாளைப் பார்த்தார். "வட்டத்துக்கு வெளிய எழுதினா மார்க் கிடையாது. அப்புறம், நீச்சலுக்குப் பேர் அனுப்பியாச்சு. சுலாவும் இருக்கா."

"சார், அந்தப் பலகை—"

"திருவிழா முடியுற வரைக்கும் அதைக் கழட்டி வைக்கச் சொல்லிட்டாங்க."

இனி ஒப்பிட ஒன்றுதான் மிஞ்சும். பாடம் எளிதாகிவிடும்.

மே 9

வீட்டுப்பாடம்: இரண்டையும், ஊரே ஒரே கூரையின் கீழ் வாழும் நம் நீள்வீட்டில் எல்லோருக்கும் உரக்கப் படித்துக் காட்டவும்.

மே 14

கண்ணை மூடினால் தெளிந்த, அமைதியான நீர். ஒரு அசைவு இல்ல. ஏன் ஒரு அசைவுகூட இல்ல?

மே 18

திருவிழா. பிள்ளைகள் கரையில் வரிசையாக நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் அம்மாக்கள். விசில் ஊதினார்கள். யாரும் நகரவில்லை. மறுபடி ஊதினார்கள்.

நீள்வீட்டுத் தலைவர் துண்டறிக்கையை மாவட்ட அலுவலக அதிகாரியிடம் மரியாதையாக நீட்டினார். "அமைதியான தண்ணின்னு நீங்கதானே போட்டிருக்கீங்க, சார். மொதல்ல நீங்க ஒரு முங்கு போட்டுட்டு வாங்க. துண்டு நான் பிடிச்சுக்கறேன்."

"சாரு நல்லா சதைப்பிடிப்பா வேற இருக்காரு" என்றாள் ஒருத்தி, சுலாவின் தோளை விடாமல்.

அதிகாரிக்கு அவசரமாக ஃபோன் வந்தது. பேசிக்கொண்டே படகேறினார். எங்கள் படகுத்துறையில் சிக்னல் கிடையாது.

யாரும் இறங்கவில்லை. ஒரு பிள்ளைகூட.

ஜூன் 12

மாவட்டச் செய்திமடல் வந்தது. நீச்சல் போட்டி இனிதே நடந்தேறியதாம். வென்றவர்களின் பெயர்களும் இருந்தன. போன வருட வகுப்புப் பட்டியலிலிருந்து எடுத்திருக்க வேண்டும். மடித்து வைப்பதற்குள் சுலாவ் படித்துவிட்டாள்.

முதல் பரிசு, உஞ்சாட்.

அந்த வரியில் விரலை வைத்தாள்.

"டீச்சர், இதுல அவன் கரையேறிட்டான்."

ஒப்பிடச் சொல்லாமல், செய்திமடலை அவளிடமே கொடுத்தேன்.