நிலை வைத்த நாள்

தை மாதம், வெள்ளிக்கிழமை, 1984.

இன்று எங்கள் தெருத் தையல் கூடத்துக்கு வாசல் நிலை வைத்தோம். வைத்தார்கள் என்றுதான் எழுத வேண்டும்.

பயிற்சியில் கொத்துவேலை கற்ற பெண்கள் நாங்கள் ஆறு பேரும் சேர்ந்து கட்டும் கூடம் இது. வாசல் பக்கத்து அடித்தளம் முழுக்க என் கரண்டி பட்டது. நேற்றுவரை, கூட வேலை செய்யும் சரோஜாவும் நானும் ஒரே தூக்குவாளிக் கஞ்சியைக் குடித்தோம். இன்று காலை மஞ்சள் கிண்ணத்தோடு வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"தப்பா நெனைக்காதீங்கக்கா. நிலைக்கு மஞ்சள் பூசறப்ப மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க. நாலு பேரு பேசுவாங்க."

"தண்ணி எடுத்துட்டு வரேன்" என்று குடத்தோடு போய்விட்டேன். வீட்டுக்காரர் செத்து நாலு வருஷமாகிறது. கலவை குழைக்கும்போது அது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

திரும்பி வந்தபோது பூசை முடிந்து நிலை நின்றிருந்தது, ஒரு விரல் அளவு இடப்பக்கம் சாய்ந்து. நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு பிடித்துப் பார்ப்பது எப்போதும் என் வேலை. இன்று யாரும் பிடிக்கவில்லை. சொன்னால், நல்ல நாளில் இவள் குறை சொல்கிறாள் என்பார்கள்.

சாயங்காலம் திருமானூர் பஸ் போனபின் தெரு அடங்கியது. தனியாகப் போனேன். முட்டுக்கட்டையைத் தளர்த்தி, நிலையை இரண்டு கையாலும் நிமிர்த்தி, குண்டு பிடித்துப் பார்த்து, மறுபடி இறுக்கினேன்.

வியர்த்த உள்ளங்கை முழுக்க மஞ்சள் ஒட்டிக்கொண்டது. அதைக் கழுவிவிட வேண்டுமே என்று இன்னும் சாப்பிடவில்லை.