சிவந்தால் நல்லதாம்

செப்டம்பர் 1, திங்கள்

காலையிலிருந்து தூறல். ரயில் பங்காருபேட்டையில் நின்று நின்று கிளம்பியது. பெங்களூர் லேபுக்குத் தாமதம். மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

தாள் இன்று சரியாக வந்துவிட்டது. ஃபில்டர் பேப்பரில் மெழுகு வளையம், நடுவில் இரும்பு சேர்ந்த கரைசல். சாறு ஒரு சொட்டு விட்டால், அதில் ஆன்டிஆக்சிடன்ட் எவ்வளவோ அவ்வளவு சிவப்பு. நெல்லிக்காய் நல்ல சிவப்பு. கொய்யா பரவாயில்லை. முருங்கைக்கீரை மெதுவாக, ஆரஞ்சு. கேரட் ஏமாற்றம். பெரிய மெஷின் வேண்டாம், போனில் படம் எடுத்து நிறத்தை ஒப்பிட்டால் போதும். இல்லாதவர்களும் சோதித்துப் பார்க்கலாம். அதற்குத்தானே இத்தனை பாடு.

வீட்டில் அண்ணனுக்குச் செய்து காட்டினேன். இதுவரை என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காதவன், எலுமிச்சை, தக்காளி என்று அடுக்களையையே தூக்கி வந்தான். கடைக்கு ஒரு கட்டுத் தாள் கேட்டான். கொடுத்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

செப். 7, ஞாயிறு

வெயில். சீரகம், சோப்பு வாங்க ஆண்டர்சன்பேட்டை. அண்ணன் கடை வாசலில் கூட்டம். முருங்கை, நெல்லி, ராகி கலந்தது என்று சத்துப்பொடி விற்கிறான் அல்லவா, அதற்கு. மேஜைமேல் என் தாள்கள். பொடியைக் கரைத்து ஒரு சொட்டு விட்டான். விட்டதும் குப்பென்று சிவந்தது.

நின்றவர்களில் பாதிப் பேர் மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய மைன்ஸ் ஆட்கள். நெஞ்சில் பாறைத்தூசி, நாலு எட்டு வைத்தால் இளைப்பு.

"செவந்தா நல்லது. நெஞ்சுல கீற தூசியெல்லாம் இப்டித்தான் இழுத்துடும். என் தங்கச்சி பெங்களூர்ல கண்டுபுடிச்ச பேப்பரு இது."

மாணிக்கம் மாமாவும் கூட்டத்தில். சுரங்கத்துக்குள் அப்பாவோடு ஒரே கேஜில் இறங்கியவர், எங்களுக்கு அடுத்த லைன் வீடு. கையில் டப்பா. என்னைப் பார்த்து, பெற்றவர் மாதிரி பெருமையாகச் சிரித்தார். நான் கிட்டே போவதற்குள் ஆட்டோ ஏறிவிட்டார்.

செப். 8, திங்கள்

பொடி ஒரு ஸ்பூன் லேபுக்கு. அவ்வளவு சீக்கிரம் முருங்கை சிவக்காது. வைட்டமின் சி மாத்திரையைப் பொடித்துப் போட்டுப் பார்த்தேன். அதே வேகம், அதே சிவப்பு.

பொடியில் மாத்திரை கலக்கிறாயா என்று மாலை அண்ணனிடம் கேட்டேன். மறுக்கவில்லை. "மாத்திரைன்னா சத்து இல்லியா? உன் பேப்பருதானே செவக்குது. இதுல நான் இன்னா பொய் சொன்னேன்?"

சொட்டில் இருப்பதைத்தான் தாள் காட்டும், நுரையீரலுக்கு என்ன ஆகும் என்று அதற்குத் தெரியாது என்றேன். சாப்பிட்டுக்கொண்டே கேட்டான். மீதித் தாள்களைத் திருப்பிக் கேட்டேன். தரவில்லை.

தலைவலி. துணி துவைக்கவில்லை.

செப். 11, வியாழன்

ரயிலுக்குக் கிளம்பும்போது மாமா மகள் வசந்தா ஓடி வந்தாள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாமா இன்ஹேலரைத் தொடவே இல்லையாம். பொடிதான் மூன்று வேளையும். விடியற்காலையில் மூச்சு இழுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள்.

லேபுக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் கன்னடத்தில் வசந்தாவைத் திட்டிக்கொண்டிருந்தார், மருந்தை யாரைக் கேட்டு நிறுத்தினீர்கள் என்று. மாமாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அது மாத்திரைத் தூள், டீ விட்டாலும் தாள் சிவக்கும், தூசியை எதுவும் இழுக்காது.

மாஸ்க்கை விலக்கினார். "உங்கண்ணன எவன் நம்புவான்? நீ பண்ண பேப்பருன்னுதாம்மா வாங்குனேன்."

வசந்தா மாஸ்க்கை மறுபடி வைத்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

செப். 13, சனி

லீவு. மேடத்திடம் காய்ச்சல் என்று பொய்.

நேராக அண்ணன் கடை. கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்தேன். பக்கத்துக் கடையில் பால் இல்லாத டீ வாங்கி, அவன் மேஜையிலேயே ஒரு சொட்டு விட்டேன். சிவந்தது. இந்தத் தாளைச் செய்தவள் நான்தான், இதை வைத்து மருந்தை நிறுத்தாதீர்கள் என்றேன்.

யாரோ சிரித்தார். இரண்டு பேர் டப்பாவை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்கள். மற்றவர்கள் வைக்கவில்லை. அண்ணன் மேஜையை மடக்கினான். வீட்டுக்கு வந்த பிறகுதான் பேசினான்.

"கூடப் பொறந்தவ செய்ற வேலையா இது?"

செப். 16, செவ்வாய்

மாமா போய்விட்டார், விடியும்போது. மதியம் அடக்கம். பலத்த காற்று, நந்திதுர்க் பக்கமிருந்து சயனைடு மேட்டுத் தூசி, தங்கம் பிரித்த கழிவு மண்.

நுரையீரல் எப்போதோ கல்லாகிவிட்டது, இத்தனை நாள் இருந்ததே பெரிது என்று டாக்டர் சொன்னாராம். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டான். வருகிறவர்களிடமெல்லாம் "டாக்டரே சொல்லிட்டாரு". உண்மையாகவும் இருக்கலாம். இன்ஹேலர் இல்லாத அந்த நாட்கள் எவ்வளவு செய்தன, இனி யாருக்கும் தெரியாது.

பௌத்த முறைப்படி எல்லோரும் பஞ்சசீலம் சொன்னோம். பொய் பேசாதிருப்பேன் என்ற இடத்தில் அண்ணன் குரல்தான் கணீரென்று கேட்டது. பாடையையும் அவன்தான் சுமந்தான். வசந்தா அவனைக் கும்பிட்டாள். என்னைத் தாண்டிப் போனாள்.

திரும்பி வரும்போது வயதான இரண்டு பேர், இருமிக்கொண்டே பக்கத்தில் வந்தார்கள். பொடி இன்னும் கிடைக்குமா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம், டாக்டர் கொடுத்த இன்ஹேலரை விடாதீர்கள் என்றேன்.

"அத்த எத்தினி வருசமா இழுக்கிறோம். ஒண்ணும் செவக்கலியே," என்றார் ஒருவர். இருவரும் அண்ணன் போன பக்கமாக நடந்தார்கள்.