நூலகப் பயிற்சியில் என் இடம்

மார்ச் 12, வியாழன்

பள்ளி நூலகர் பயிற்சியில் எனக்குக் கிடைத்த இடத்தை இன்று நானே தூக்கிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பயிற்சியை முடிக்காவிட்டால் அடுத்த வருடம் எனக்கு வேலை இல்லை.

வரும் திங்களன்று நான்காம் வகுப்புக்கு டீச்சர் வரமாட்டாராம். அன்றைக்குத் தொடங்கும் பயிற்சியை விட்டுவிட்டு வகுப்பை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று பிரின்சிபல் கேட்டார். "நோ ப்ராப்ளம்" என்றேன், சிரித்துக்கொண்டே. என் வாயில் கொள்ளி வைக்க.

வீட்டுக்கு வந்து சொன்னதும் என் கணவர் ரகு கத்தினார்.

"உன் வேலையே போகப்போகுது, எதுக்கு ஓகே சொன்ன? இப்பவே மெயில் பண்ணு!"

எங்கள் கல்யாணத்தில்கூட இவ்வளவு சத்தம் கேட்டதில்லை.

பிரின்சிபலுக்கு மெயில் பண்ணினேன். அந்தப் பயிற்சி எனக்குக் கட்டாயம் வேண்டும் என்று நான்கு முறை அழித்து எழுதி அனுப்பினேன். அனுப்பிய பிறகுதான் கடைசி வரியைப் பார்த்தேன்.

'முடியாவிட்டாலும் பரவாயில்லை' என்று முடித்திருக்கிறேன்.