வண்டிக்குள் பீங்கான் கோப்பை

4 மே 2025, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். அதைக் கொண்டாடுவது போல அப்பா ஒரு வண்டி வாங்கி வந்திருக்கிறார். பழைய டெம்போ டிராவலர். புதுச்சேரியில் யாரோ அதற்குள் ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு குட்டி டாய்லெட் எல்லாம் வைத்து மோட்டார் ஹோம் ஆக்கிவிட்டு, பிறகு மனம் மாறி விற்றிருக்கிறார். ஏன் மனம் மாறினார் என்பது கதவைத் திறந்ததும் புரிந்தது. நனைந்த நாய், ஊசிப்போன சாம்பார், எவருடையதோ காலுறை - மூன்றும் உள்ளே குடும்பம் நடத்துகின்றன. சாவியைத் திருகினால் ஓம், ஓம் என்று வெகுநேரம் ஜபம் செய்துவிட்டுத்தான் கிளம்புகிறது. அதனால்தான் மோட்டார் 'ஓம்' போலிருக்கிறது.

"எப்படி பாப்பா இருக்குது?" என்றார் அப்பா.

"கேரவன் இல்லப்பா. கோரவன்."

அம்மா ஏறவில்லை. வாசலில் நின்றே எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

6 மே, செவ்வாய்

எதற்கு இந்தக் கருமம் என்று எழுதி வைக்கிறேன். பின்னால் படித்தால் நானே நம்ப மாட்டேன்.

அம்மாவால் சிறுநீரை அரைமணிக்கு மேல் அடக்க முடியாது. எனக்கு நினைவு தெரிந்ததிலிருந்து இப்படித்தான். பஸ் ஏற மாட்டாள்; தெருக்கோடிவரை போவதென்றால்கூடக் காலையிலிருந்து டீ, தண்ணீர் தொட மாட்டாள். கல்யாணம், காதுகுத்து எதற்குக் கூப்பிட்டாலும் 'தலவலி' என்று சொல்லிவிடுவாள். சொந்தக்காரர்கள் மத்தியில் அவளுக்குத் தலைக்கனம் என்று பெயர். டாக்டரிடம் போ என்றால், "இதப் போயி எப்படிடி சொல்றது" என்பாள்.

கயல்விழி அக்கா பெருந்துறைக்கு வாழ்க்கைப்பட்டு ரெண்டு வருஷம். கல்யாணம் எங்கள் ஊர் விருத்தாசலத்திலேயே நடந்ததால் தப்பித்தோம். அக்கா வீட்டு வாசலை அம்மா இன்றுவரை பார்த்ததில்லை. இப்போது அக்காவுக்கு ஏழாம் மாதம், 23ஆம் தேதி வளைகாப்பு. பெற்ற தாய் போய் வளையல் அடுக்கி, கையோடு பிரசவத்துக்குக் கூட்டி வர வேண்டும். போன வாரம் அக்கா போனில் சொன்னது: "நீ வரலேன்னா வுடும்மா. நான் இங்கயே பெத்துக்கிறேன்." கோபமாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. அலுத்துப்போய்ச் சொன்னாள்.

அம்மா போனை வைத்துவிட்டு அரிசி களையப் போனாள். களைந்துகொண்டே இருந்தாள். அப்பா புதுச்சேரிக்கு பஸ் ஏறியது அதனால்தான்.

8 மே, வியாழன்

வண்டியில் இருந்த டாய்லெட் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மேலே உட்கார வேண்டியது. கீழ்ப்பாதியைக் கழற்றி, சூட்கேஸ் மாதிரி தூக்கிப் போய்க் கொட்ட வேண்டியது. அப்பா அதைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்கப் போன இடத்தில் பாக்கெட் பால் காபி கொடுத்தது போல.

"பீங்கான் ஊர்ல பொறந்துட்டு பிளாஸ்டிக்குல உக்கார்றதா? நாலு பேரு என்ன பேசுவாங்க?"

நாலு பேர் எதற்கு அங்கே எட்டிப் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்டேன். 

அப்பாவுக்கு ஊர்ப் பீங்கான் தொழிற்பேட்டையான செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பியூஸ் கட்டை செய்யும் பட்டறை. அங்கிருந்து ஆளாளுக்குக் கிளம்பி வந்து யோசனை சொன்னார்கள். ஒருவர் தன் சூளையில் சுட்ட வெஸ்டர்ன் கோப்பை தந்தார். இன்னொருவர் வாஷ்பேசின். மூன்றாமவர் ரோஜாப்பூ போட்ட தரை டைல்ஸ். கொத்தனார் நல்லமுத்து மாமா வண்டித் தரையில் சிமெண்ட் கலவை போட்டு, டைல்ஸ் பதித்து, கோப்பையை வைத்துப் பூசினார். அடியில் ஒரு தகரத் தொட்டி, ஒரு வால்வு.

"வூட்டுல எப்படியோ அப்படியேதான் சார். அசையாது," என்றார்.

வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கிறது. வாகனம் என்பதைப் பிரித்தால் வா, கனம். பீங்கான் என்பதை நான் பிரித்துக் காட்டியதற்குத் தலையில் குட்டு விழுந்தது.

பிளாஸ்டிக் பெட்டியைப் பட்டறைக்கு அனுப்பிவிட்டார்கள்.

11 மே, ஞாயிறு

உவ்வே.

வெள்ளோட்டம் என்ற பெயரில் எஸ்டேட் நண்பர்கள் அத்தனை பேரும் ரெண்டு நாளாகக் கோப்பையில் உட்கார்ந்து பார்த்து "பிரமாதம்" சொல்லிவிட்டுப் போனார்கள். தொட்டியைக் காலி செய்ய வேண்டியது யார்? வால்வில் ஹோஸ் மாட்டி, மறுமுனையை எங்கள் வீட்டு செப்டிக் டேங்க் ஓட்டையில் நான் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா வால்வைத் திருப்பினார். வெயிலில் ரெண்டு நாள் வெந்த சரக்கு. ஹோஸ் பாம்பு மாதிரி துள்ளியது.

சட்டை. கழுத்து. இடது காது.

யார் யாருடையது என்றுகூடத் தெரியாது. அதுதான் தாங்கவில்லை. ஒரு பாட்டில் ஷாம்பூ காலி.

12 மே, திங்கள்

காது இன்னும் நாறுகிறது.

14 மே, புதன்

பழிவாங்கல் முடிந்தது. சார்ட் பேப்பரில் அழகாக எழுதி, லேமினேட் செய்து, வண்டியின் பின்கதவில் ஒட்டிவிட்டேன்: 'கட்டணக் கழிப்பிடம். பெண்களுக்கு இலவசம்.' நாளைக்கு சேத்தியாத்தோப்பு வரை ஓட்டிப் பார்க்கப் போகிறோம். அப்பா எப்போதும் முன்பக்கமாகத்தான் வண்டியைச் சுற்றி வருவார்.

15 மே, வியாழன்

எழுதவே பிடிக்கவில்லை.

காலையில் நன்றாகத்தான் இருந்தது. அம்மா கட்டிலில் உட்கார்ந்து, கம்மாபுரம் தாண்டியதும் திரையை முழுசாக விலக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தாள். "இங்க எப்ப இவ்ளோ பெரிய பாலம் கட்டுனாங்க?" என்று கேட்டாள். ரொம்ப நாள் முன்பே கட்டியது. நான் சொல்லவில்லை.

சேத்தியாத்தோப்பு நெருங்கும்போது ஒரு வேகத்தடை. அப்பா மெதுவாகத்தான் ஏற்றினார். டப், டப், டப் என்று ரோஜாப்பூ டைல்ஸ் அப்பளம் மாதிரி எழும்பின. கோப்பையில் விளிம்பிலிருந்து அடிவரை ஒரு விரிசல். வீடு ஒரே இடத்தில் நிற்கும், வண்டி உடம்பை முறுக்கிக்கொண்டு ஓடும் என்பது எஸ்டேட்டில் ஒருத்தர் மண்டைக்கும் ஏறவில்லை.

பஸ் நிற்குமிடம் பக்கத்தில் ஓரங்கட்டி, அப்பா அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் அம்மாவுக்கு அவசரம். விரிசலோ எதுவோ, போய்விட்டாள். அப்போதுதான் ஒருவர் கையில் சில்லறையோடு வந்து கதவைத் தட்டினார்.

"யாருங்க உள்ள? சீக்கிரம் வாங்க, பஸ்ஸு வந்துடும்."

அவர் பின்னால் இன்னும் ரெண்டு பேர். அம்மா கதவைத் திறந்தாள். மூன்று ஆம்பளைகள் வரிசையாக நிற்கிறார்கள். கடைசி ஆள் பின்கதவைக் காட்டி, "போர்டு போட்டிருக்குதே, அதாங்க," என்றார்.

அம்மா இறங்கி, சுற்றி வந்து, என் கையெழுத்தைப் படித்தாள். திரும்பி வரும் வழியெல்லாம் திரை மூடியே இருந்தது. வீட்டு வாசலில் இறங்கியதும் அப்பாவிடம் சொன்னாள்: "நான் வரலிங்க. நீங்க போயி கூட்டிட்டு வாங்க. அவ வந்தா வரட்டும்."

16 மே, வெள்ளி

அம்மா என்னைத் திட்டவில்லை. ஒரு அறை விட்டிருக்கலாம். சீ.

17 மே, சனி

அப்பா சும்மா இருப்பாரா. "இன்னும் தடிமனா ஒரு கோப்ப சுடச் சொல்லியிருக்கேன். அதுக்கு மேல டபுள் சிமெண்ட்."

"அப்பா, அதுவும் உடையும். பீங்கானுக்கு வளையத் தெரியாது. உங்கள மாதிரியே."

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் வண்டிக்குள் போய் உடைந்த ரோஜா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கடப்பாரை எடுத்து வரச் சொன்னார்.

18 மே, ஞாயிறு

பிளாஸ்டிக் பெட்டியைத் தேடிப் பட்டறைக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் மாயவன் அண்ணன் அதில் களிமண் ஊற வைத்திருந்தார்.

"நல்ல பொட்டி பாப்பா. சொட்டு ஒழுகல. எங்க வாங்குனீங்க?"

சொன்னேன். கையை மோந்து பார்த்துவிட்டுக் குழாயடிக்கு ஓடினார்.

களிமண் சுலபமாகப் போய்விட்டது. மூடியின் இடுக்கில்தான் புதுச்சேரிக்காரரின் மிச்சம் கல்லாக இறுகி இருந்தது. பினாயில், வெந்நீர், பழைய டூத்பிரஷ். ரெண்டு தடவை வாந்தி வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை, பழகிவிட்டது. பழகியதை நினைத்து மறுபடி வந்தது.

21 மே, புதன்

டைல்ஸ், சிமெண்ட், கோப்பை எல்லாம் வெளியே. தரையில் ரப்பர் விரிப்பு. பெட்டி அதன் இடத்தில். வண்டி நிமிர்ந்து நிற்கிறது. என் போர்டைச் சுரண்டி எடுத்தேன், பசை மட்டும் போகவில்லை.

அம்மா சமையலறையில் வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"வாம்மா. பெட்டிய நான் தூக்கிக் கொட்டுறேன். அப்பா வேணாம், யாரும் வேணாம்."

"உனக்குத்தான் கொமட்டுமே."

"கொமட்டுது. மூக்கக் கட்டிக்கிட்டு தூக்குவேன்."

ரொம்ப நேரம் சீவினாள். பிறகு கத்தியைக் கழுவிக்கொண்டே, "பச்சக் கலர் பொடவைய அயர்ன் கடையில குடுத்துட்டு வா," என்றாள்.

24 மே, சனி

நேற்று எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

வேப்பூர், சின்னசேலம், ஆத்தூர், சேலம் - அம்மா எங்கேயும் இறங்கவில்லை, எங்கேயும் தவிக்கவில்லை. வழியில் டீ குடிக்க நிறுத்திய இடத்தில் ஆர்வக்கோளாறில் நான் பெண்கள் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தேன். தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, தரை தெரியவில்லை. ஒரு பெண் வெளியே நின்று இன்னொரு பெண்ணுக்குக் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எங்கள் பெட்டி சொர்க்கம். அதை நான் எழுதுகிறேனே, என் கையே எனக்கு ஆச்சரியம்.

மண்டபத்தில் அக்கா அம்மாவைப் பார்த்ததும் மணையிலிருந்து எழுந்துவிட்டாள். உட்காரு உட்காரு என்று எல்லாரும் பிடித்து அமுக்கினார்கள். அம்மா வளையல் அடுக்கினாள். எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டுப் பந்தியில் அக்காவின் மாமியார் அமிர்தம் அத்தை கேட்டார், அந்த வரிசைக்கே கேட்கும்படி:

"ஏனுங்க சம்பந்தி, எங்கூர்ல கக்கூஸ் இல்லீன்னு நெனச்சுப் போட்டீங்களா? அதையும் வண்டீல ஏத்தீட்டு வந்திருக்கறீங்களாமா?"

வரிசையே சிரித்தது. பாயசத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கு வாயில் நல்ல நல்ல பதிலாக நாலைந்து வந்தன, எல்லாமே கெட்ட வார்த்தை. அம்மா இலையிலிருந்து கையை எடுத்தாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன்.

"ஆமாங்க," என்றாள். "என்னால அடக்க முடியாதுங்க. சின்னவ பொறந்ததுலேர்ந்து அப்படித்தான். அதனாலதான் இத்தன நாளா எங்கியும் வரல. தலவலின்னு சொன்னதெல்லாம் பொய்யி."

பரிமாறுகிறவர்கூட வாளியோடு நின்றுவிட்டார். அம்மா சோற்றைப் பிசைய ஆரம்பித்தாள்.

சின்னவள் என்றால் நான்.

மாலையில் அக்காவோடு கிளம்பினோம். வயிற்றுப்பிள்ளைக்காரிக்கும் அதே அவசரம். அம்மாவும் மகளும் மாறி மாறிப் போனார்கள். ஆத்தூர் வருவதற்குள் பெட்டி நிறைந்துவிட்டது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வீட்டில் நிறுத்தி, நான் துப்பட்டாவால் மூக்கைக் கட்டிக்கொண்டு தூக்கிப் போனேன். கொட்டினேன். கழுவினேன். குமட்டியது. எழுதும்போதும் குமட்டுகிறது.

26 மே, திங்கள்

கேட்டுவிட்டேன்.

"என்னாலயாம்மா?"

"நீ நாலு கிலோ. வெளிய வரதுக்கு ஒரு பகலு ஒரு ராத்திரி அடம்புடிச்ச. அதுல ஏதோ தளர்ந்து போச்சுன்னு அப்ப இருந்த நர்ஸம்மா சொன்னாங்க."

"சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லி? உன்னத் திருப்பி உள்ள வெக்கவா?"

அக்கா சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.  இந்த வீட்டில் வாய் யாரிடமிருந்து வந்தது என்று இன்றுதான் தெரிந்தது.

29 மே, வியாழன்

அம்மா கடலூரில் ஒரு லேடி டாக்டரைப் பார்க்க வண்டியில் போய் வந்தாள். தினமும் செய்ய ஏதோ பயிற்சி சொல்லியிருக்கிறாராம். நிறைய பேருக்கு இருப்பதுதானாம். இத்தனை வருஷம் இதற்கா? யார்மீது காறித் துப்புவது என்று தெரியவில்லை.

1 ஜூன், ஞாயிறு

நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். அந்தக் கொடுமை தனி.

எதிர்வீட்டு பெரியநாயகி அக்கா காலையில் வந்தார். யார் வீட்டுக்கும் போகாதவர், யாரோடும் ரெண்டு வார்த்தை பேசாதவர். திமிர் பிடித்தவர் என்று நான் அவருக்கு ஒரு பட்டப்பெயர்கூட வைத்திருந்தேன். கயல்விழி அக்காவின் வயிற்றைப் பார்த்தார், வெயிலைப் பற்றிச் சொன்னார், கிளம்புவது போல எழுந்து மறுபடி உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தார்.

"பூர்ணிமா, உங்க வண்டி சும்மாதான நிக்குது? எந்தம்பி செங்கல்பட்டுல வூடு கட்டி வருஷம் ஆவுது. நான் இன்னும் பாக்கல." கொஞ்சம் நிறுத்தி, குரலைத் தணித்து, "எனக்கும் உன்ன மாதிரிதான்," என்றார்.

அம்மா பந்தியில் சொன்னது தெரு முழுக்கப் பரவியிருக்கிறது போல, அவரோடு முடியவில்லை. மதியத்துக்குள் பின்தெருவிலிருந்து ஒருவர், மூலைவீட்டிலிருந்து மாமியாரும் மருமகளுமாக ரெண்டு பேர். மாமியாருக்கு இருப்பது மருமகளுக்குத் தெரியாது, மருமகளுக்கு இருப்பது மாமியாருக்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே கழிப்பறை வாசலில், இத்தனை காலமாக. எனக்கு ஊரைப் பார்த்தாலே ஒப்பவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு என்று முடிவாகியிருக்கிறது. அப்பா, "அப்ப நான் வெறும் டிரைவரா?" என்றார். யாரும் மறுக்கவில்லை.

"இத்தன பேருக்கு ஒரு பொட்டி பத்தாது," என்றாள் அம்மா, எல்லார் முன்னாலும், சாதாரணக் குரலில். "நடுவுல ஒருவாட்டி கொட்டணும். பாப்பா பாத்துக்குவா."

"கருமம்," என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். பெரியநாயகி அக்கா வாயைப் பொத்திக்கொள்ளாமல் சிரித்தார். பிறகு அம்மாவைப் பார்த்து, "வழியில டீ குடிக்கலாமா?" என்று கேட்டார்.