சூம்பல் என்பது சோளத்தின் பேர்

நேற்று பஸ் குன்னூர் பக்கத்தில் ஒரு ஃபாக்டரியைத் தாண்டியபோது, வாடுகிற தேயிலையின் வாசம் ஜன்னலில் ஏறிக்கொண்டது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பிக்கொண்டிருந்தேன். உன் படம் விஷயமாக உன் மகனோடு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்ல?

தேயிலை ஃபாக்டரியில், இலை வாட்டும் மாடியில் நாம் வேலைக்குச் சேர்ந்த வருஷம், சின்ன வயசுக் காய்ச்சலில் மெலிந்துபோன உன் வலது கையைப் பார்த்து 'சூம்பக்கை' என்று முதலில் கூப்பிட்டவன் நான்தான்.

"ஏண்டா, சூம்பல்னா என்னன்னு தெரியுமா?" என்றாய்.

"செத்துப்போனது."

"அஞ்சாவதோட நின்னவன் புத்தி. எங்க காட்டுல சோளக்கதிர் பால் புடிக்கலீன்னா சூம்பிப்போச்சும்பாங்க. சோளத்தட்டு பச்சையாத்தான் நிக்கும், மாடு ஆசையாத் திங்கும். சோளத்தோட பேரை என் கைக்கு வெச்சுட்டு, செத்துதுங்கறயே."

அடுத்த மழைக்கு வந்த புது ஆபீசர் உன் கையைப் பார்த்ததுமே, "நாளையிலிருந்து வேண்டாம்" என்றார். கெஞ்சுவாய் என்று நினைத்தேன். நீ அந்தக் கையாலேயே ஒரு பிடி இலையை அள்ளிப் பிடித்து, விட்டுக் காட்டினாய். இலை விரிந்துகொண்டது.

"இன்னும் வாடலீங்க சார். வாடுன இலை புடிச்சாப்புலயே உருண்டையா நிக்கும். இப்ப மிஷின்ல போட்டா கெட்டுருமுங்க."

"சூம்பின கைக்கு என்ன தெரியும்?"

"நல்ல கை நசுக்கிப்போடுமுங்க. இதுக்கு நசுக்கத் தெரியாது, அதனால இலை உள்ளதைச் சொல்லும்."

வீம்புக்குப் பாதி இலையை அவர் உடனே மிஷினுக்கு அனுப்பினார். மீதி நீ சொன்ன நேரம்வரை மாடியில் கிடந்தது. இரண்டு தேயிலையிலும் டீ போட்டு மேனேஜருக்குக் கொடுத்தார்கள். ஆபீசருடையது பச்சை வாடை அடித்தது. உன்னுடையதை மேனேஜர் இன்னொரு கப் கேட்டுக் குடித்தார். அதன்பிறகு உன் கை படாமல் ஒரு இலையும் மாடியை விட்டு இறங்கவில்லை.

நேற்று உன் மகன் மாலை போட்டு வைத்திருந்த படத்தில் உன்னைக் கழுத்துவரை சால்வை மூடியிருந்தது.

"கை தெரிஞ்சா பாக்கறவங்க பாவப்படுவாங்க மாமா."

"பாவப்படறவங்க எந்திரிச்சு அவங்கவங்க ஊட்டுக்குப் போகட்டும் கண்ணு."

ஃபாக்டரி வாசலில், முழங்கைக்கு மேலே சட்டையைச் சுருட்டிவிட்டு நீ நிற்கிற படம் இத்தனை வருஷமும் என் பையில்தான் இருந்தது. சால்வைக்காரரை எடுத்துவிட்டு அதை வைத்தேன். மாலையைத் தூக்கி அதற்குப் போட்டேன். உன் மகன் அதை எடுக்கவில்லை.

இனி என்னிடம் உன் படம் இல்லை. உன்னைக் கூப்பிடுகிற வாய் மட்டும் இருக்கிறது, சூம்பக்கை.