பாய்மரப் படகும் பாப்பாவின் உயரமும்

அன்புள்ள பாப்பா அம்மாவுக்கு,

நான் நலம். நீங்கள் இருவரும் சண்டை போடும் தெம்போடு இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நீங்கள் இங்கே வந்ததும் தீவுக்குப் போக, நிழலும் கழிப்பறையும் உள்ள பாய்மரப் படகாகப் பார்த்திருக்கிறேன். பாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று ஞாயிற்றுக்கிழமை நானே போய்வந்தேன். கூட வந்த ஆறு குழந்தைகளும் குதித்து விளையாடின. வாந்தி எடுத்தது நான் மட்டும். பயப்படாதே, இப்போது சரியாகிவிட்டது.

லைஃப் ஜாக்கெட்டுக்காகப் பாப்பாவின் உயரம் கேட்டார் படகுக்காரர். முழங்காலுக்குச் சற்று மேலே கையை வைத்துக் காட்டினேன்.

"அஞ்சு வயசுன்னு சொன்னீங்க? இது பூனைக்குத்தாங்க சரியா இருக்கும்!" என்று சிரித்தார்.

மூன்று வருடத்துக்கு முன்பு வேலைக்காக நான் ஊரிலிருந்து கிளம்பிய அன்று அவள் என் முழங்காலைத்தானே கட்டிக்கொண்டு நின்றாள்?

வரும்போது வாந்தி மாத்திரை கொண்டு வா, எனக்குத்தான். ஷிப்ட் வண்டி ஹாரன் அடிக்கிறது. அவளை ஒரு நூலில் அளந்து உடனே அனுப்பு. எக்கி நிற்பாள், விடாதே. அந்த நூலைப் படகுக்காரரிடம் காட்டிவிட்டு, கட்டிலோரச் சுவரில் ஒட்டிக்கொள்கிறேன்.

உன்,
பாப்பா அப்பா