இடக்கை வீச்சு

பெப்ரவரி 9, வியாழன்

காலையில் பனி. எட்டு மணிக்குப் பிறகு கொல்லுகிற வெயில். மண்டபம் கழுவியாயிற்று.

வாங்க: கறுப்புச் சீலை 12 யார் நீளம். பிளக் 3. ரீவிப் பெட்டி இன்னும் இரண்டு, மெல்வின் அங்கிளிடம். (ரீவி திருத்துகிற கடை. திருத்தக் கொடுத்தவர்களின் ரீவிகளைத்தான் எனக்குத் தருகிறார். அவர்களைக் கேட்டாரா என்று நான் கேட்கவில்லை.)

கல்யாண வீடியோ எடுக்கிறவள் கண்காட்சி வைக்கிறாளாம் என்று ஊரில் சிரிப்பு. சிரிக்கட்டும். ஆறு ரீவி, மூன்று சோடி. எதிரெதிரே இரண்டு ரீவி. ஒன்றில் ஒருவர், மற்றதில் அவருக்குரியவர். பார்க்க வருகிறவர் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திரும்ப வேண்டும்.

சட்டம் ஒன்றுதான். முகம் இல்லை, கழுத்துக்குக் கீழே மட்டும். கல்யாண வீடியோக் கசற்றை இரவல் வாங்கிப் போய், படத்தை நிறுத்தி நிறுத்திப் பந்தியில் இருந்தவர்களுக்குள் ஆள் தேடுகிறவர்கள் உள்ள ஊர். என்னிடமே இரண்டு தரம் வாங்கினார்கள். அதற்குப் பிறகு முகம் என்றால் எனக்குப் பயம்.

பெப். 10, வெள்ளி

ராசாத்தி வந்தாள் (இனி ரா.). மூன்றாவது சோடி அவளும் புருசன் யோகராசாவும். ஒரு ரீவியில் அவள் கை கிழிந்த வலை பொத்துகிறது. எதிர் ரீவியில் அவன் வாவியில் வலை வீசுகிறான். ஊருக்கு அவன் கத்தாரில். உண்மையில் வாவிக்கு அங்கால், படுவான்கரையில். இடம் இங்கேயும் எழுத மாட்டேன். முன்பு இயக்கத்தில் இருந்து விலகினவன். இப்போது இயக்கமும் அதிலிருந்து பிரிந்தவர்களும், இரண்டு பக்கமும் தேடுகிறது.

"ஒருக்கா எடுத்திட்டு வாங்க அக்கா. பாத்திட்டு அழிச்சிடலாம்" என்றுதான் முதலில் கேட்டாள். போய் எடுத்தேன். பதினொரு நிமிசம். அழிக்க மனம் வரவில்லை, அவ்வளவு வடிவு. முகம்தான் இல்லையே என்று அவளைச் சம்மதிக்க வைத்தது நான். மறக்காமல் இருக்க எழுதுகிறேன்: நான்.

எட்டு மாதமாகக் கண்ணில் காணாத ஆள். இன்று ரீவிக்கு முன் இருந்து மூன்று தரம் பார்த்தாள்.

"மெலிஞ்சிட்டார்" என்றாள். வேறொன்றும் இல்லை.

பெப். 11, சனி

திறப்பு. நாற்பது பேர் வந்திருப்பார்கள். பிஸ்கட் போதவில்லை.

அக்கா தங்கச்சி சோடிக்கு முன் இரண்டு பெண்கள் அழுதார்கள். மிதப்பில் நின்றேன்.

பிறகு சின்னத்தம்பி அண்ணன். ரா.வின் ஊர் மீன்பிடிகாரர். வேட்டிக்கு மேல் புதுச் சேட்டு. மூன்றாவது சோடிக்கு முன் நின்றவர் மண்டபம் முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"அட, இது நம்மட யோகராசாட வீச்சல்லோ! நம்மட கரையில இடக்கையால எறியிறவன் அவன் ஒருத்தன்தானே!"

யாரோ: "அவன் கத்தார்ல எல்லோ?"

"கத்தார்ல நம்மட வாவி இரிக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. சந்தோசத்தில் சொன்னது.

முகத்தை மறைத்தேன், கையை விட்டுவிட்டேன். மீன்பிடிகாரர்கள் கரையில் நின்று தூரத்து ஆளை வீச்சை வைத்துத்தான் சொல்லுவார்கள். இந்த ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? தெரியும். நினைக்கவில்லை.

ரா. கதவடியில் நின்றாள். சிரிக்கிறவர்களோடு அவளும் சிரித்தாள். பார்க்க முடியவில்லை.

பெப். 12, ஞாயிறு

சாப்பிடவில்லை. கழற்றிவிடுவோம் என்று விடியவே மெல்வின் அங்கிளிடம் போனேன். பூசைக்கு வெளிக்கிட்டுக்கொண்டு நின்றார்.

"இண்டைக்குக் கழட்டினா, அது யோகன்தான் எண்டு நீயே சொன்ன மாதிரி. ஓடட்டும் புள்ள."

சரிதான். அதுதான் பயமாக இருக்கிறது. ஓடவிட்டேன். ஆட்கள் குறைவு. மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்கும் போதெல்லாம் கதவடிக்குப் போய்ப் பார்த்தேன்.

பேச்சுவார்த்தையாம், ரேடியோ சொல்கிறது. இங்கே ஆட்கள் சூடு பட்டு விழுந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

பெப். 13, திங்கள்

வந்தார்கள். பத்தரை மணி. இரண்டு பேர், தொப்பி. எந்தப் பக்கமென்று தெரியவில்லை. ஒருவன் மரியாதையாகக் கதைத்தான், அவனைக் கண்டால்தான் பயம்.

கடவுள் புண்ணியம், கரண்ட் இல்லை. ஆறு ரீவியும் கறுப்பு.

"எப்ப வரும்?"

"தெரியாது தம்பி. சில நாள் பின்னேரந்தான்."

"வலை எறியிற ஆள் ஆர்?"

"வாழைச்சேனைப் பக்கம் கரையில கண்ட ஆள். பேர் கேக்கல்ல."

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது. கால் மணித்தியாலம் இருந்துவிட்டு எழும்பினார்கள். புதன்கிழமை வருவார்களாம். வீச்சுத் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு.

"ஒண்டையும் மாத்தாம வைங்க அக்கா."

பெப். 14, செவ்வாய்

விடிய ஐந்து மணிக்கு யோசனை வந்தது. கல்யாண வீடியோ மிக்சிங்கில் எத்தனை தரம் செய்திருக்கிறேன்! மாப்பிள்ளை பொம்பிளை படத்தை இடம் வலமாகத் திருப்பி, பூவுக்குள் வைத்து. கொம்பியூட்டரில் ஒரு பொத்தான்.

திருப்பினேன். இடக்கை வலக்கை ஆயிற்று. புதுச் சீடி அடித்தேன். பழைய சீடியை உடைத்து அடுப்பில் போட்டேன், வீடெல்லாம் நாற்றம்.

ரா.வுக்குக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

"இது அவரில்ல" என்றாள். எனக்கு உயிர் வந்தது. அவளுக்கு வரவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு பிசகு. கரையும் திரும்பிவிட்டது. இடப்பக்கம் தண்ணீருக்குள் நின்ற கண்ணாப் பற்றை வலப்பக்கம். வாவியில் திரிகிறவன் பார்த்தால் கண்டுபிடிப்பான். இனிச் செய்ய ஒன்றுமில்லை.

பெப். 15, புதன்

கரண்ட் இருந்தது. இன்றைக்குப் பார்த்து.

கூட்டிவந்த ஆள் சின்னத்தம்பி அண்ணன். அதே புதுச் சேட்டு, நெஞ்சடியில் ஒரு பொத்தான் இல்லை. ரா.வையும் வீட்டிலிருந்து கூப்பிட்டிருந்தார்கள். சுவரோடு நின்றாள்.

அண்ணன் ரீவிக்குக் கிட்டக் குந்தினார். வலை விரிந்தது, விழுந்தது. பிறகும் விரிந்தது. வீச்சைப் பார்க்கவில்லை அவர். கரையைப் பார்த்தார். கண்ணாப் பற்றையைப் பார்த்தார். எனக்கு விளங்கிவிட்டது, அவருக்கும் விளங்கிவிட்டது.

"என்ன ஐயா? அவனா?"

அவர் குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தார். பதினொரு நிமிசமும் முடிந்து, படம் திரும்பத் தொடங்கியது.

"நான் பிழையாச் சொல்லிப்போட்டன் தம்பி. இவன் வலக்கையன். என்ட கண்ணுல வெள்ளை படந்திரிக்கி."

மரியாதைக்காரன் ரா.விடம் திரும்பினான். "உங்கட புருசனா இது?"

"அவர் கத்தார்ல" என்றாள்.

போனார்கள். அண்ணனைக் கூட்டிப் போகவில்லை. அவர் அங்கேயே குந்தியிருந்தார். எழும்ப முடியவில்லை, கை கொடுத்துத் தூக்கினேன். 

பெப். 16, வியாழன்

மூசாப்பு, வெயிலே இல்லை. கண்காட்சி முடிந்தது என்று கதவில் எழுதி ஒட்டினேன். மெல்வின் அங்கிள் ரீவி ஏற்றினார். திருப்பிய சீடியும் அடுப்புக்குள். கொம்பியூட்டரில் இருந்ததையும் அழித்தாயிற்று.

மிச்சம் கமராக் கசற். அதில்தான் உண்மையான இடக்கை. ஒளித்து வைக்கலாம் என்றேன், வெட்கமில்லாமல்.

"அழிங்க" என்றாள் ரா.

லென்சை மூடி, மேலால் றெக்கோட் பண்ண வேண்டும். பொத்தானை அவளே அமத்தினாள். பக்கத்தில் இருந்தோம். சின்னத் திரையில் கறுப்பும் ஓடுகிற இலக்கமும்.

"எவ்வளவு போயிருக்கும்?"

"பாதி."

"அப்ப பாதி ஆள் இன்னும் உள்ளுக்க இரிக்கார்."

அழுதேன். அவள் அழவில்லை. முடியும் வரை இலக்கத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

கசற் முடிந்த மறுகா சொன்னாள்: "மீன் ஏத்த வாற ஆளிட்டச் சொல்லி விட்டிரிக்கன். அவர இடம் மாறச் சொல்லி. எங்க எண்டு எனக்கும் சொல்ல வேணாம் எண்டு. போற இடத்தில வலக்கையால எறியப் பழகச் சொல்லி."